சாதியை ஆலயத்துக்கு வெளியே நிறுத்த எதில் கை வைப்பது: தீர்மானமா, தேர்ப்பாதையா, கல்லறையா, பேரவையா, வழக்கா?

"இனிமேல் நம் கோயிலில் சாதி பார்ப்பதில்லை என்று பேசிவிட்டோம். எங்கே ஆரம்பிப்பது?" தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகை பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளிலும் புராட்டஸ்டன்ட் சபைகளிலும் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்டவுடன் கூட்டத்தில் ஐந்து பதில் கிளம்பும். தீர்மானம் போட்டுப் பீடத்தில் வாசிக்கலாம் என்பார் ஒருவர். காலனியிலும் (தலித் குடியிருப்பு) திருவிழா வரி வாங்கித் தேரை அந்தத் தெருவுக்குள் விடலாம் என்பார் இன்னொருவர். கல்லறைச் சுவரை இடிக்க வேண்டும் என்பார் மூன்றாமவர். பங்குப் பேரவையில் எங்கள் ஆளை உட்கார வையுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார் நான்காமவர். கடைசி பெஞ்சிலிருந்து "கலெக்டருக்கு மனு" என்றொரு குரல் வரும்.

ஐந்தும் நியாயம்தான். ஆனால் ஐந்தையும் ஒரே வருடத்தில் பிடித்தால் ஒன்றும் நிற்காது. எதை முதலில் எடுப்பது என்பதற்காகவே இந்த ஒப்பீடு. கத்தோலிக்கப் பங்கு, லுத்தரன் சபை, தென்னிந்தியத் திருச்சபை மூன்றையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். பேரவை என்று வரும் இடத்தில் உங்கள் சபையின் கமிட்டியைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: குரு மாறுதலாகிப் போன பிறகும் இது நிற்குமா? துணிச்சலான குரு இருக்கும்வரை நடந்து, அவர் பெட்டி கட்டிய மறுவருடம் பழையபடி ஆன மாற்றங்கள் நிறைய. ஆளை நம்பி நிற்பதா, பதிவேட்டையும் பழக்கத்தையும் நம்பி நிற்பதா என்று பாருங்கள்.

இரண்டாவது: விலை யார் தலையில் விழுகிறது? நிலம் ஊர்த்தெருவிடம் (ஆதிக்க சாதியார் தெரு), உழைப்பு காலனியிடம் என்ற பழைய ஏற்பாடு டெல்டாவில் இன்னும் முழுசாகக் கலையவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவருக்கு மறுவாரம் வைக்கோல் கட்டும் வேலை இல்லாமல் போகலாம். வாய்வார்த்தையில் ஓடும் குத்தகை அடுத்த சாகுபடியில் கைமாறலாம். பெட்டிக்கடைக் கடன் நின்றுபோகலாம். சமத்துவத்துக்கான செலவை ஏற்கெனவே குறைவாக வைத்திருப்பவர்களே கட்டும் வழி என்றால், அதற்கு ஈடு என்ன என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது: ஒரு வருடம் கழித்து எண்ணிப் பார்க்க முடியுமா? "மனமாற்றம் ஏற்பட்டது" என்பதை யாராலும் எண்ண முடியாது. பொது வரிசையில் எத்தனை அடக்கம், தேர் காலனித் தெருவில் எத்தனை நிமிடம், காசோலையில் யார் கையெழுத்து, இவற்றை எண்ணலாம்.

நான்காவது: கோபித்துக்கொண்டு போகிறவர்களுக்குப் போக்கிடம் இருக்கிறதா? இதைக் கேட்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்டாவிலேயே பழைய பாடம் இருக்கிறது.

பணம் ஐந்தாவதுதான். இந்த வேலையில் பணத்தால் நின்றது குறைவு.

## தரங்கம்பாடியும் தஞ்சையும் விட்டுப்போன பாடம்

லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். அந்த நூற்றாண்டிலேயே மிஷன் ஆலயங்களில் உட்காரும் இடம் பிரிந்துவிட்டது. வெள்ளாளர் முதலானவர்களுக்குப் பாய், பறையருக்கு வெறும் தரை. 1733இல் ஆரோன் முதல் இந்தியப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அவர் வெள்ளாளர். சில ஆண்டுகள் கழித்து, தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் உழைத்த பறையர் குல உபதேசியார் ராஜநாயக்கனுக்குப் பட்டம் கொடுக்கும் பேச்சு வந்தபோது, அவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று அதை விட்டுவிட்டார்கள். 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போனது.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் நேரெதிராக நடந்தார். சாதி வேறுபாடு உடனே, முழுசாக, இறுதியாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் பலர் கீழ்ப்படிய மறுத்தார்கள். சில ஆண்டுகளில் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் தரங்கம்பாடிக்கு வந்தது. சாதி விஷயத்தில் மெதுவாகப் போகலாம் என்பது அதன் போக்கு. ஆங்கிலேயச் சபையில் முறைத்துக்கொண்ட பல குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன.

வில்சன் சொன்னதில் பிழையில்லை. அடுத்த கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். ஆகவே எந்த வழியை எடுத்தாலும், முதலில் பக்கத்துப் பங்கின் குருவிடமும் பக்கத்துச் சபையின் போதகரிடமும் பேசுங்கள். "எங்கள் ஊரிலிருந்து பெயர் மாற்றக் கடிதம் இல்லாமல் வருபவர்களை ஒரு வருடத்துக்குச் சேர்க்க வேண்டாம்" என்று எழுதி வாங்குங்கள். சுயாதீன சபைகள் கையெழுத்திடமாட்டார்கள். அது தெரிந்ததுதான், இரண்டு கதவையாவது சாத்தலாம்.

## வழி 1: தீர்மானமும் உறுதிமொழியும்

ஒரே கூட்டத்தில் முடியும், செலவு கிடையாது. அதனாலேயே எல்லோருக்கும் பிடிக்கும்.

தீர்மானமே வீண் என்று சொல்லவில்லை. 1857இல் தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை, "சிலருடைய பலவீனத்தின் பொருட்டு" வெள்ளையருக்கும் மற்றவருக்கும் தனித்தனி ஆராதனையை அனுமதித்தது. நம்மூர்ப் பாயும் தரையும் அங்கே வேறு பெயரில் இருந்தன. அதே குடும்பத்தில் கலப்பினத்தாருக்கான கிளைச் சபை 1982இல் எழுதி 1986இல் ஏற்ற பெல்ஹார் அறிக்கை அந்த நியாயத்தையே விசுவாசத்துக்கு விரோதம் என்றது. உலக லுத்தரன் சம்மேளனம் 1977இல் தார் எஸ் சலாமில் கூடி, இன ஒதுக்கலை எதிர்ப்பது விசுவாச அறிக்கையைச் சேர்ந்தது என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்டில், அதற்கு உடன்படாத வெள்ளையர் சபைகளின் உறுப்பினர் உரிமையை நிறுத்திவைத்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தச் சம்மேளனத்தில் ஓர் அங்கம். கத்தோலிக்கர்களுக்கு 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை கையில் இருக்கிறது. அதை உங்கள் தீர்மானத்தின் முதல் வரியிலேயே சேருங்கள். "இது எங்கிருந்து வந்தது" என்ற கேள்வி அடங்கும்.

மேலே சொன்னவற்றில் தீர்மானம் வேலை செய்ததற்குக் காரணம், மீறினால் என்ன ஆகும் என்பதும் அதோடு வந்தது. நம் தீர்மானங்களில் அதுதான் இருப்பதில்லை. "கிறிஸ்துவில் நாம் அனைவரும் ஒன்று" என்ற வரிக்கு எல்லோரும் கைதூக்குவார்கள். தனித் தூம்பா (பிணப்பெட்டி தூக்கிச் செல்லும் சட்டம்) வைத்திருக்கிறவரும் தூக்குவார். அந்த வரிக்குப் பதில் இப்படி எழுதுங்கள்: "பங்குக்குத் தூம்பா ஒன்றே. சாம்பல் புதனுக்குள் இரண்டாவது தூம்பா குருமனைக்கு ஒப்படைக்கப்படும். ஒப்படைக்காத தெருவுக்கு அந்த வருடம் திருவிழா உபயம் கிடையாது." ஒரு தீர்மானத்துக்கு ஒரு வழக்கம், ஒரு தேதி, ஒரு விளைவு போதும்.

வாசிக்கும் நாளும் முக்கியம். 1968 டிசம்பர் 25 இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். நம் காலனித் தெருக்களில் கிறிஸ்துமஸுக்கு அந்த நினைவும் உண்டு. நள்ளிரவுத் திருப்பலியிலோ காலை ஆராதனையிலோ அதற்கு ஒரு நிமிடம் எழுந்து நின்றுவிட்டுத் தீர்மானத்தை வாசிப்பது டெல்டாவில் மட்டுமே பொருள்படும் செயல். அதைச் செய்யத் தயங்கும் சபை, தீர்மானத்துக்கும் இன்னும் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எப்போது சரி: வெளிப்படையான பிரிவு இல்லாமல், பேச்சிலும் வீட்டு வாசலிலும் மட்டும் சாதி தங்கியிருக்கும் நகரச் சபைகளில். மற்ற இடங்களில் அடுத்த வழிக்கு 30 நாள் முன்னறிவிப்பு என்ற அளவில்.

## வழி 2: திருவிழா வரியும் தேர்ப்பாதையும்

வரி கேட்டால் சுமை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே வரி வாங்காமல் விடுவதுதான் ஒதுக்கல். தலைக்கட்டு வரி கொடுத்தவனுக்கு உபயம் கேட்கும் உரிமை உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை உண்டு, தேர் தன் வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்டு. "அவங்க பாவம், அவங்ககிட்ட ஏன் வாங்கணும்" என்ற கரிசனத்துக்கு அடியில் இருப்பது இதுதான். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கும் கோட்டப்பாளையம் பங்கின் வழக்கிலும் வரியும் தேர்ப்பாதையும் கல்லறையும்தான் புகார்.

செய்யும் முறை: முதலில் தெருவாரியாக இல்லாமல், அன்பிய (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் குழு) வாரியாக அல்லது அகர வரிசையில் ஒரே தலைக்கட்டுப் பட்டியல். ரசீது புத்தகம் ஒன்று, தொடர் எண்ணோடு. தொகை சிறியதாக, எல்லாருக்கும் சமமாக இருக்கட்டும். அதற்கு மேல் கொடுப்பது நன்கொடை. நன்கொடைக்குத் தனி உரிமை கிடையாது. இதை எழுதி வைக்காவிட்டால் பெரிய நன்கொடை மறுபடி சாதியாகத் திரும்பி வரும். வசூல் மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூலிக்காரர் கையில் காசு இருக்காது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் புழங்கும் மாசி, பங்குனிதான் வசூலுக்கு ஏற்றது. விழா எந்த மாதமானாலும் வசூலை அங்கே கொண்டுபோங்கள்.

தேர்ப்பாதையில் வரும் மறுப்பு எங்கும் ஒன்றுபோலவே இருக்கும்: தெரு குறுகல், கம்பி தாழ்வு, நேரம் போதாது. மூன்றையும் அளந்துவிடுங்கள். சப்பரத்தின் அகலத்தோடு இரண்டு பக்கமும் தூக்கிகளுக்கு 2 அடி சேர்த்துத் தெருவின் மிகக் குறுகிய இடத்தை அளவெடுங்கள். இடிக்கிற இடம் ஒன்றிரண்டு இருந்தால் அந்தப் பகுதிக்குச் சின்னச் சப்பரம். கம்பி விஷயத்தில் மட்டும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் தஞ்சை அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அந்தத் தெருவில் தேர் இருக்கும் நேரம் முழுக்க மின்சாரத்தை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். உச்சி அலங்காரத்தை மடக்கக்கூடியதாகக் கட்டச் சொல்லுங்கள்.

நேரம்தான் நுணுக்கமான இடம். "தேர் போனதே" என்று சொல்லிவிடலாம். இரவு 1 மணிக்கு, பேண்ட் செட் கிளம்பிப்போன பிறகு, ஜெனரேட்டரில் பாதி விளக்கு அணைந்த நிலையில், நிற்காமல் ஓட்டமும் நடையுமாகக் காலனியைக் கடந்த தேரும் போன தேர்தான். ஆகவே பாதையைக் காலனியிலிருந்து தொடங்குங்கள். இல்லையேல் ஒவ்வொரு தெருவுக்கும் நிமிடக் கணக்கை நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். தூக்கிகள் பட்டியலும் எல்லாத் தெருவும் கலந்து இருக்கட்டும். பறையடிக்கக் காலனிக்காரர்களைக் கூப்பிடும் வழக்கம் இருந்தால், விருப்பப்பட்டவருக்குக் கூலி பேசி அழையுங்கள். இல்லையேல் வெளியூர்க் குழு.

காவல் நிலையத்தில் ஒரு சொல் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: மாமூல். லஞ்சம் அல்ல, வழக்கமாக நடந்து வருவது. புதுப் பாதைக்கு அனுமதி கிடைப்பது கடினம். ஒருமுறை அனுமதிக் கடிதத்தில் பாதை வரைபடம் ஏறிவிட்டால் அதுவே அடுத்த வருடத்து மாமூல். அந்தக் கடிதத்தின் நகலை மறைமாவட்ட அலுவலகத்திலும் வையுங்கள்.

மறைந்த செலவு என்னவென்றால், விழாவே நின்றுபோவது. எதிர்ப்பு வந்ததும் "இந்த வருடம் திருவிழா வேண்டாம்" என்று ஆயர் அலுவலகமோ வருவாய்த்துறையோ சொல்லிவிடும். ஆலயத்துக்குப் பூட்டு விழும். பழி காலனி மீது விழும். விழாவை நிறுத்தத் துணிந்தவர்களுக்கு அது வெற்றிதான். இந்த வழியின் பெரிய பலவீனம் இது.

எப்போது சரி: கல்லறை ஏற்கெனவே பொது. அல்லது காலனியில் சொந்த வருமானம், வெளிநாட்டு வேலை, அரசு வேலை உள்ள குடும்பங்கள் கணிசமாக இருந்து, ஊர்த்தெருவின் கூலியை நம்பியிருப்பது குறைந்துவிட்டது.

## வழி 3: கல்லறை

இரண்டு கல்லறை, அல்லது ஒரே கல்லறையில் நடுச்சுவர், அல்லது சுவரே இல்லாமல் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோடு. மூன்றாவது வகைதான் அதிகம். இடிக்க ஒன்றுமில்லாததால் அதுதான் கடினமும்.

திருவிழாவை நிறுத்தலாம், அடக்கத்தை நிறுத்த முடியாது. பொது வரிசையில் ஒருவர் அடக்கமானால் அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. மூன்று அடக்கம் வரிசையில் விழுந்துவிட்டால் நான்காவது குடும்பம் விதிவிலக்குக் கேட்கக் கூசும். அதனாலேயே எங்கள் கணக்கில் ஐந்து வழிகளில் இது கனமானது. ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் இறங்கினால் மிக மோசமாக உடைவதும் இதுதான். ஃப்ரீசர் பெட்டியில் பிணம், வாசலில் பந்தல், பிற்பகல் 3 மணி, இரண்டு தெருவும் எதிரெதிரே. அந்த நேரத்தில் யாரும் கொள்கை பேச முடியாது. சாவு விழாத நாளில் முடிவெடுக்க வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்தில் பேச்சைத் தொடங்கித் தவக்காலத்தில் நடைமுறைக்குக் கொண்டுவருவது நல்லது. தண்ணீர் வடிந்து தரை காய்ந்திருக்கும், வேலையும் செய்யலாம்.

நிலம் யாருடையது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் வாங்குங்கள். மறைமாவட்டத்தின் பெயரிலோ திருச்சபைச் சொத்து அறக்கட்டளையின் பெயரிலோ பட்டா இருந்தால் முடிவு உங்கள் கையில். மயானப் புறம்போக்கு என்றால் ஊராட்சியும் வட்டாட்சியரும் சேர்ந்தாக வேண்டும். "புதுசா ஒரு பொதுக் கல்லறை வாங்கிடலாம்" என்ற யோசனை எங்கும் வரும். குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதியும் உரிமமும் சேர்ந்து அதை வருடக்கணக்கில் இழுக்கும். பழைய இரண்டும் அதுவரை அப்படியே ஓடும். ஒத்திப்போட விரும்புகிறவர்களின் யோசனை அது.

தரை மட்டம். டெல்டாவுக்கே உரிய சிக்கல் இது. எந்தக் கல்லறையிலும் போய்ப் பாருங்கள், காலனிக்காரர்களின் பகுதி பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும். கார்த்திகையில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும், பெட்டி மிதக்கும், மேலே கல்லை வைத்து அழுத்திவிட்டு மண்ணைத் தள்ளுவார்கள். பொது வரிசை அந்தப் பக்கம் நகரும்போது ஊர்த்தெரு சொல்லும் காரணம் "சாதி இல்லை, தண்ணி" என்பதாக இருக்கும். அத்தனை வருடமும் அந்தத் தண்ணீரில்தான் மற்றவர்களைப் புதைத்தார்கள் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வராது. வாக்குவாதம் வேண்டாம், பள்ளத்தை முதலில் நிரப்புங்கள். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதை 2 அடி உயர்த்தச் சுமார் 870 கன அடி, அதாவது 9 யூனிட்டுக்குச் (யூனிட் என்பது 100 கன அடி) சற்றுக் குறைவான சவுடு மண். அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொண்டால் 10 சென்ட்டுக்கு 105 யூனிட். ஆடிக்குள் கொட்டி, ஒரு மழை வாங்கவிட்டு மட்டம் பாருங்கள்.

வரிசை. குழி 7 அடிக்கு 3 அடி. சுற்றிலும் இடைவெளியோடு ஒரு இடத்துக்கு 8½ அடிக்கு 4½ அடி. நடைபாதை போக சென்ட்டுக்கு 8 இடம் கிடைக்கும். வருடம் 10 அடக்கம் உள்ள பங்குக்கு 10 சென்ட் எட்டு வருடம் வரும். சுண்ணாம்பால் கோடு போட்டு, எண் பொறித்த சின்னக் கல்லை நட்டுவிடுங்கள். அடுத்த அடக்கம் அடுத்த எண்ணில். கணவன் மனைவி பக்கத்தில் வேண்டுமென்றால் என்ன செய்வது என்ற கேள்வி நிச்சயம் வரும். மேல்மேலாக அதே குழியில் அனுமதிக்கலாம், பக்கத்து எண்ணை முன்பதிவு செய்யக் கூடாது. முன்பதிவு வந்தால் ஐந்து வருடத்தில் சாதி வரிசை திரும்பிவிடும். செங்கல் கட்டிய குடும்பக் கல்லறையும் இனி கிடையாது. 2 அடிக்கு 1½ அடிக் கல்லும் சிலுவையும் போதும். களிமண்ணும் ஈரமும் உள்ள தரையில் மக்குவது தாமதம் என்பதால், பழைய குழியை எப்போது மறுபடி திறப்பது என்பதைப் பக்கத்து ஊர்க் கணக்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

சுவர். இரவோடு இரவாக இடிப்பது வீரமாகத் தெரியும். விடிந்ததும் வழக்கு, தடையுத்தரவு, ஒரு வாரத்தில் அதே இடத்தில் புதுச் சுவர். ஆயரின் எழுத்து ஆணை, பேரவைத் தீர்மானம், காவல் நிலையத்துக்குத் தகவல், பிறகு பகலில் 12 அடி அகலத்தில் ஒரு திறப்பு. பிணவண்டி போகும் அகலம் அது. மிச்சச் சுவரை அடுத்த மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். செங்கல்லைச் செபமேடைக்குப் பயன்படுத்தினால் திரும்பக் கட்ட மிஞ்சாது.

தூம்பாவும் குழிவெட்டும். இவை மாறாமல் கல்லறை மட்டும் பொதுவானால் பாதி வேலை. சாவுச் செய்தி சொல்லப் போவதும் குழி வெட்டுவதும் ஒரே தெருவின் கடமையாக இருக்கும் பங்குகளில், குழிவெட்டைக் கூலி வேலையாக்குங்கள். கூலியைப் பங்குக் கணக்கிலிருந்து ரசீதோடு கொடுங்கள். மழைக்காலத்தில் பொக்லைன் உள்ளே வந்தால் பக்கத்துக் குழி சரியும், ஆகவே ஆள் வேலைதான்.

ஒப்புதல் படிவம். இதைத் தவிர்த்துவிட்டு வேறு எதையும் செய்யாதீர்கள். "எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் வரிசை எண்ணில் அடக்கம் செய்யச் சம்மதம்" என்று ஊர்த்தெருவில் குறைந்தது 10 குடும்பம் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். முதல் அடக்கம் காலனி வீட்டுடையதாக இருந்தால் வழிமறிப்பைச் சந்திப்பது அந்த வீடு. அந்த 10 குடும்பத்து ஆண்கள் பிணத்தோடு நடந்தால் மறிப்பவர்கள் தம் பங்காளியைத்தான் மறிக்க வேண்டும். குருக்களையும் ஆலயத்துக்குள் அடக்கம் செய்யாமல் இதே வரிசையில் வைக்க ஆயரிடம் கேளுங்கள்.

## வழி 4: பேரவையில் இடம்

கத்தோலிக்கப் பங்கில் ஒரு சட்ட உண்மையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சபைச் சட்டம் 536இன்படி மேய்ப்புப் பணிப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. சட்டம் 537 சொல்லும் நிதிக் குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம். ஆகவே பேரவையில் நான்கு நாற்காலிக்குப் போராடுவதைவிட நிதிக் குழுவில் இரண்டு இடம் மேல். கணக்குப் புத்தகம் அங்கேதான் விரியும்.

லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபைக் கமிட்டிகளில் தேர்தல் உண்டு, அதிகாரமும் உண்டு. அங்கே கவனிக்க வேண்டியது வாக்காளர் பட்டியல். சங்கக் காணிக்கை பாக்கி என்று பெயர் நீக்கப்படுபவர்கள் யார் என்று தெருவாரியாக ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாக்கியை அறுப்புக்குப் பின் கட்ட அவகாசம் கொடுத்தாலே பட்டியல் மாறும்.

இதில் சறுக்குவது ஒரே இடத்தில்: "அவங்களுக்கு ஒரு இடம்" என்று ஊர்த்தெருவே ஆளைத் தேர்ந்தெடுப்பது. காலனியில் பறையர், பள்ளர் இரு சமூகமும் இருந்தால் ஒருவரை வைத்து மற்றவரை ஒதுக்கும் வேலையும் நடக்கும்.

## வழி 5: மனுவும் வழக்கும்

நெல்லைப் பக்கத்து வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கென இருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டு, தனி இடம் எங்கள் உரிமை என்று ஒரு தரப்பு நீதிமன்றம் போனது. கிறிஸ்தவ ஆலயத்தில் சாதியின் பெயரால் தனியிடம் கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. நூறு வருடமாகச் சட்டம் நம் பக்கம்தான்.

ஆனால் நடைமுறை வேறு. 1950ஆம் வருட ஆணை பட்டியல் சாதி நிலையை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதி திராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர். எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்கு உதவாது. மிஞ்சுவது 1955ஆம் வருடக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். வழிபாட்டிடம், இடுகாடு இரண்டையும் அது தொடுகிறது. தண்டனை ஒன்று முதல் ஆறு மாதச் சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருந்தால் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். கிறிஸ்தவருக்கு அந்த வசதி இல்லை, நிரூபிக்கும் சுமை அவர் தலையில்.

இதைவிடப் பெரிய ஆபத்து சான்றிதழ். கோயிலுக்கு வந்துகொண்டே கையில் இந்து ஆதி திராவிடர் சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அதைத்தான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ வழிபாட்டைப் பின்பற்றிக்கொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. பிள்ளையின் கல்லூரி இடமும் அரசு வேலையும் அந்தத் தாளில் தொங்கும்போது, யார் மனுதாரர் என்பதை ஆழ யோசியுங்கள்.

கோட்டாட்சியர் கூட்டும் அமைதிப் பேச்சுவார்த்தையில் கையெழுத்திடும் முன் நடவடிக்கைக் குறிப்பை முழுதும் படியுங்கள். "ஏற்கெனவே உள்ள நடைமுறையே தொடரும்" என்ற ஒரு வரி பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். அந்த வரி அடுத்த பத்து வருடத்துக்கு உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும்.

## ஒரே பார்வையில்

| வழி | குரு மாறினால் | விலை யாருக்கு | எதை எண்ணலாம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| தீர்மானம் | தேதியும் விளைவும் இருந்தால் மட்டும் நிற்கும் | யாருக்கும் இல்லை | ஒழிந்த வழக்கங்கள் | செய்துவிட்டோம் என்ற திருப்தி |
| வரி, தேர்ப்பாதை | அனுமதிக் கடிதம் இருந்தால் நிற்கும் | காலனிக் கூலிக்காரருக்கு | ரசீதுகள், நிமிடங்கள் | விழாவே நின்றுபோவது |
| கல்லறை | நிற்கும் | முதல் மூன்று வீடுகளுக்கு | வரிசை எண்கள் | மண் நிரப்பு, சாவு வீட்டு மோதல் |
| பேரவை | விதியைப் பொறுத்தது | பொறுப்பேற்பவருக்கு | கையெழுத்து, வாக்காளர் பட்டியல் | பொம்மை உறுப்பினர் |
| வழக்கு | நிற்கும், தாமதமாக | மனுதாரருக்கு | உத்தரவுகள் | சான்றிதழ், வேலை |

## உங்கள் ஊருக்கு எது

கல்லறை பிரிந்திருக்கிறது, ஊர்த்தெருவில் 10 கையெழுத்தும் கிடைக்கும்: கல்லறையிலேயே தொடங்குங்கள், வேறெதுவும் காத்திருக்கலாம். கையெழுத்து நான்கோடு நின்றால் ஒரு வருடம் நிதிக் குழுவையும் பள்ளத்தை நிரப்புவதையும் பாருங்கள். மண் கொட்டுவதை யாரும் எதிர்க்கமாட்டார்கள். கல்லறை பொதுவாக இருந்து விழா மட்டும் பிரிந்திருந்தால் வரியை முதல் வருடமும் தேரை இரண்டாம் வருடமும் எடுங்கள். வரி ரசீது இல்லாமல் தேர் கேட்டால் "நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள்" என்பார்கள். அடிதடி நடந்திருக்கிறது, ஆலயம் பூட்டியிருக்கிறது என்றால் மனுதான். மனுதாரராகக் காலனிக்காரரைவிடத் துறவற சபையோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ முன்னால் நிற்பது நல்லது. தீர்மானம் மட்டும் போதும் என்ற ஊரை டெல்டாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கல்லறையை எடுப்பவர்களுக்கு இன்னொன்று. வாயிற்கதவுக்குப் பூட்டு ஒன்று, சாவி மூன்று: குருமனையில் ஒன்று, ஊர்த்தெருவில் கையெழுத்திட்ட ஒரு வீட்டில் ஒன்று, காலனியில் ஒன்று. பதிவேட்டில் ஆறு பத்தி: வரிசை எண், பெயர், இறந்த நாள், அடக்க நாள், குழிவெட்டுக் கூலி, சாவி வாங்கியவர் கையெழுத்து. தெருப் பெயருக்குப் பத்தி வேண்டாம்.